நினைவு நாளுக்கு ஒரு முகம்

நவம்பர் 3, திங்கள்

மதிவதனியின் வகுப்பாசிரியை எஸ்தர் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். போனேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எல்லாப் பிள்ளைகளும் போட்டோ கொடுத்துவிட்டார்களாம், என் மகள் மட்டும் பாக்கி. மற்ற பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. இவள் இன்னும் போட்டிருக்கிறாள். மதியச் சாப்பாட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள போட்டோ வந்தாகணும் சார். பரீட்சை ஹால்லயும் முகத்தைப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. கழட்டுன்னு சொன்னா அப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வீட்டில் அவள் எப்போது கழற்றுகிறாள், எப்போது போடுகிறாள் என்று இந்த மாதம் முழுக்க எழுதிவைக்கச் சொன்னார். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டுவாராம். "நீங்க எடை மேடையில நோட்டு எழுதுறவருதானே சார், உங்களுக்குப் பழக்கந்தானே."

பழக்கம்தான். அரிசி ஆலைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி வெறுமனே கிடந்தது. அதில் எழுதுகிறேன். இது மகளைப் பற்றிய குறிப்பு. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாலை 6.10: முகம் கழுவக் கழற்றினாள். 6.15: போட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

இரவு 8.05: சாப்பிடக் கழற்றினாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். 8.20: போட்டாள்.

டாக்டர் படிப்பார் என்பதால் வீட்டு விவரமும் எழுதுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன், வயது நாற்பத்து நான்கு. பாளையங்கோட்டை பைபாஸில் எடை மேடையில் வேலை. லாரி லோடுடன் ஏறும், எழுதுவேன். இறக்கிவிட்டுக் காலியாக ஏறும், எழுதுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது என் கவலை இல்லை. அதனால்தான் இருபது வருஷமாக இந்த வேலை எனக்கு ஒத்துப்போகிறது என்று என் மனைவி உலகம்மாள் சொல்வாள். அவளுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

பழக்க வழக்கம்: சிகரெட் இல்லை, குடி இல்லை. கல்யாண வீட்டில் பன்னீர் சோடா கொடுத்தால்கூட வாங்க மாட்டேன். கண்ணாடித் தம்ளர் கையில் இருந்தால் தூரத்தில் நிற்பவர்களுக்கு உள்ளே என்ன என்று தெரியாது.

நவம்பர் 6, வியாழன்

மழை. பதினோரு வண்டிதான்.

அம்மா போன் செய்தாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். இருபத்தேழாம் தேதியோடு அப்பா இறந்து ஒரு வருஷம். போகும் வழியில் எட்டிப் பார்த்தேன்.

"போஸ்டர் அடிக்கணும்யா" என்றாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று சுவரெல்லாம் ஒட்டுவார்களே, அது.

"அப்பாவுக்கா?"

"அவுக தெருவுல விழுந்து கெடந்ததை ஊரே பாத்துச்சு. ஒரு நாளு நிமிந்து நிக்கதையும் பாக்கட்டும்."

போஸ்டருக்குப் படம் வேண்டும். அப்பாவுக்கு மொத்தமே மூன்று படம். ஒன்று என் கல்யாணத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், வெட்டினால் அந்தக் கைகளும் கூடவே வரும். அடுத்தது ரேஷன் கார்டில், உளுந்து அளவு. மூன்றாவது வாக்காளர் அட்டை. அதில் யாருமே மனுஷராகத் தெரிவதில்லை, அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

"நான் பாத்துக்கிடுதேன். நீ ஒன் சோலியப் பாரு" என்றாள் அம்மா.

மதி பற்றி: 8.00 கழற்றினாள். எப்போது போட்டாள் என்று பார்க்கவில்லை. மழைக்கு அடுக்களையில் ஒழுகியது, வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மனைவி உலகு மதியை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். தலை சீவி, பொட்டு வைத்து, ஸ்டூலில் உட்காரும் வரை ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறாள். "மாஸ்க்கை எடும்மா" என்று போட்டோக்காரர் சொன்னதும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே உலகு.

கோழி எடுத்திருந்தோம். மதி சாப்பிடவில்லை. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பள்ளியிலேயே போட்டோக்காரரை வரவழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மதி பாயை விட்டு எழவில்லை. உலகு டீச்சருக்குப் போன் போட்டாள். "அவளுக்கு மேலுக்கு முடியல டீச்சர்" என்று ஆரம்பித்தாள். நான் போனைப் பிடுங்கிக் கட் செய்தேன். ஏன் என்று கேட்டாள். வேலைக்குப் போய்விட்டேன்.

டாக்டருக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் மேல் என்றால் உடம்பு. அப்பா குடித்துவிட்டுக் கிடந்த நாளெல்லாம் வாசலில் யார் வந்து நின்றாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "அவுகளுக்கு மேலுக்கு முடியல." மில் சூப்பர்வைசருக்கு அதுதான், பால்காரருக்கு அதுதான், அப்பாவின் சொந்தத் தம்பிக்கும் அதுதான். ஆறு வயதிலிருந்து கதவைத் திறந்து சொன்னது நான். உடம்பைச் சொல்கிற வார்த்தையே எங்கள் வீட்டில் பொய்யாகிவிட்டது. நாலாம் வகுப்பில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, மேலுக்கு முடியவில்லை என்று சாரிடம் சொல்லக் கூசி, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அன்று பூராவும் காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் மதிக்குத் தேவையில்லாத விவரம். டீச்சரிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

பெயர் வைத்தது நான்தான். மதிவதனி என்றால் நிலா முகம். இன்றுதான் அதை யோசித்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மதி டியூஷனுக்குப் போயிருந்தாள். உலகு துணி மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். துணி மடிக்கும்போது அவள் பேசினால் அது யோசித்து வைத்த பேச்சு.

"ரெண்டு வாரமா நேரம் பாத்து எழுதுதீய, சரி. அவ எப்பத்துலருந்து போடுதான்னு எழுதுனீயளா?"

"கொரோனாவுலருந்து."

"இல்ல. எல்லாப் பிள்ளையளும் கழட்டுனப்ப அவளும் கழட்டிட்டா. ரெண்டு மாசம் வெறும் மொகமாத்தான் பள்ளிக்கூடம் போனா. ஒங்க சித்தி மவன் கல்யாணத்துக்கு மறுநாளு திரும்ப எடுத்துப் போட்டா."

அந்தக் கல்யாணம் எனக்கு நினைவிருக்கிறது. மதி அப்போது ஏழாம் வகுப்பு. பந்தியில் யாரோ, "தாத்தாவ உரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு பிள்ளை" என்று அவள் தாடையைப் பிடித்துச் சொன்னார்கள்.

அப்பாவின் வாயைப் பற்றி எழுத வேண்டும். கீழுதடு தடித்து, வலப்பக்கம் கொஞ்சம் தொங்கி இருக்கும். பிறவியிலேயே அப்படி. அதனால் குடிக்காத நேரத்திலும் குடித்த மாதிரி இருப்பார். குடிக்காத நேரமே குறைவு என்பதால் அது பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாது.

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட நீங்க என்ன சொன்னீய? 'அந்த வாய் நம்ம வம்சத்தை விட்டுப் போகாது போல'ன்னு சொன்னீய. கதவுக்கு அந்தப் பக்கம் அவ நின்னா."

நான் கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"நீங்க அவளச் சொல்லல, ஒங்களத்தான் சொல்லிக்கிட்டீய, எனக்குத் தெரியும். ஆனா அந்த வாய் அவகிட்டயும்லா இருக்கு" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நவம்பர் 17, திங்கள்

நினைவிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

நாற்பது வண்டி. பிற்பகலில் பிரிண்டர் மக்கர் செய்தது, கையால் எழுதிக் கொடுத்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா அழுதாள். ஜங்ஷன் பக்கம் ஒரு பாருக்குத் தேடிப் போனேன். பகல் பதினோரு மணி, வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. அப்பா இல்லை. கேட்கலாம் என்று ஒரு மேஜை ஓரமாக உட்கார்ந்தேன். பரிமாறுகிற ஆள் வந்தார். என்னைப் பார்த்தார். ஒரு குவார்ட்டர், ஒரு தம்ளர், ஒரு தட்டு மாங்காய் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்பத்தானே போனீய" என்றார்.

அவரும் கொஞ்சம் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். உள்ளே இருட்டு வேறு. இருந்தாலும் எனக்கும் அப்பாவுக்கும் இருபத்தேழு வயது வித்தியாசம். நான் எழுந்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து சவரம் செய்யவில்லை. தாடி தாடையை மூடிக்கொண்டது, மீசையை உதட்டை மூடும்படி இறக்கி விட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை சாமிக்கு வேண்டுதலோ" என்று உலகுவின் அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். உலகு இன்றுவரை என் முழு முகத்தைப் பார்த்ததில்லை. நானும் இருபத்தொரு வருஷமாகப் பார்க்கவில்லை.

மதி வேறு, நான் வேறு. தாடி ஆண்பிள்ளைகள் எல்லாரும் வைப்பதுதான்.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நவம்பர் 22, சனி

டீச்சர் போன் செய்தார். இன்னும் ஆறு நாள். குரலில் பழைய தயவு இல்லை, நியாயம்தான்.

மாலையில் மதி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டிவி ஓடியது. நானாக ஆரம்பித்தேன்.

"நீ நல்லாத்தான் இருக்கட்டி."

அவள் பென்சிலை நிறுத்தினாள். "நீங்க டிவியப் பாத்துக்கிட்டே சொல்லுதீயப்பா."

உண்மை. நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எப்போதிருந்து என்று குறித்து வைக்கவில்லை.

நவம்பர் 26, புதன்

காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். எடை மேடைக்கு எதிர்ச்சுவரில் புதிதாகப் போஸ்டர் ஒட்டியிருந்தது, பசை இன்னும் காயவில்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அப்பாவின் பெயர், நல்லபெருமாள். தோற்றம், மறைவு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, காதோரம் நரை, கழுத்தில் மாலை.

யார் இது என்றுதான் முதலில் யோசித்தேன். அப்பாவின் வாய். ஆனால் அப்பா இல்லை. கண் தெளிவாக இருந்தது. அப்பாவின் தம்பியோ என்று பார்த்தேன், அவரும் இல்லை. ஜல்லி லோடு ஏற்றி வந்த டிரைவர் வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ஒங்க அப்பாவா அண்ணாச்சி? ஆளு நல்ல லட்சணமா இருந்திருக்காருல்லா."

அப்போதுதான் சட்டைக் காலரில் இருந்த தையல் தெரிந்தது. அம்மா போட்ட தையல். அது என் சட்டை. இருபத்திரண்டு வயதில் வேலைக்கு விண்ணப்பம் போட எடுத்த படம். போஸ்டரில் மாலையோடு இருந்தது நான்.

டிரைவரின் சீட்டில் லோடு எடையையும் காலி எடையையும் மாற்றி எழுதிவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தப்பு. அவரே கவனித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

மதியம் அம்மா வீட்டுக்குப் போனேன். நாளைக்குப் பலகாரம் செய்யத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அது என் படம்."

"ஆமா." துருவுவதை நிறுத்தவில்லை. "பெட்டியில கெடந்துச்சு. ஸ்டூடியோக்காரங்கிட்ட கொஞ்சம் நரை போடச் சொன்னேன்."

"உசுரோட இருக்கவனுக்கு மாலை போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்கம்மா."

"ஒனக்கு ஆயுசு கூடும், போ." பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். "அவுக மொகத்தை நான் ஒரு நாளும் தெளிச்சியாப் பாத்ததில்லய்யா. தாலி கட்டுன அன்னைக்கே மேலுக்கு முடியல. குடிக்காம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பாகன்னு இந்த ஒரு வருசமா நெனச்சுப் பாக்கேன், மொகம் வர மாட்டேங்கு. பெட்டியைக் கிண்டுனப்ப ஒம் படம் கெடச்சுது. இதாம்யா அவுக. குடிக்காம இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாக."

கோபப்படலாம் என்றுதான் போனேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த முகத்தை அப்பா கெடுத்துவைத்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இது கெடாமலும் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

தேங்காய்ச் சில்லு ஒன்று எடுத்துத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 27, வியாழன்

அம்மா வீட்டில் கூடினோம். நாங்கள் மூன்று பேரும் அம்மாவும்தான். அதே படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். இலை போட்டுப் படைத்தோம். வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த சீனிக்கிழங்கு. பாட்டில் வைக்கவில்லை. சில வீடுகளில் வைப்பார்கள்.

கும்பிட்டு முடித்ததும் மதி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தாத்தா முகம் வீங்கி, கண் மஞ்சளாகிக் கட்டிலில் கிடந்தவர்.

"தாத்தா குடிக்கதுக்கு முன்னாடி எடுத்ததாப்பா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லாருக்கும் அதுதான் வசதி. கதவைத் திறந்து பொய் சொல்வதில் எனக்கு ஆறு வயதிலிருந்து பழக்கம்.

"இல்ல. அது நான்."

உலகு பாயசக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மதி படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தாடியைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். நான் பார்வையைத் திருப்பவில்லை. திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

"வாய் என் வாய் மாதிரி இருக்கு."

"ஆமா. ஒண்ணுதான்."

"நல்லாத்தானப்பா இருக்கு. பெறவு எதுக்கு மூடி வச்சிருக்கீய?"

"பயந்துட்டேன்" என்றேன்.

எதற்கு என்று கேட்டாள். பாரில் நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கும் உலகுக்கும்கூட அது இப்போதுதான் தெரியும். "அன்னைக்கு அந்த வாயைப் பத்திச் சொன்னது என்னைய. ஒன்னைய இல்ல. ஆனா சொல்லியிருக்கக் கூடாது" என்றும் சொன்னேன். அவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பாயசம் குடித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நான் நேரம் பார்க்கவில்லை.

நாளைதான் கடைசி நாள். போட்டோ எடுப்பாயா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் பயம்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் சலூன் திறந்ததும் போய் உட்கார்ந்து தாடி மீசையை எடுக்கச் சொன்னேன். சவரம் செய்பவர் மூன்று தடவை கேட்டார். "வேண்டுதல் முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்றார். முடிந்தது என்றேன். முகத்தில் காற்றுப் பட்டது புதிதாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்தவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுசாகப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் உலகு, "ஐயய்ய" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மதி சுற்றி வந்து பார்த்தாள்.

"ரெண்டு கலரா இருக்கீயப்பா. மேல கறுப்பு, கீழ வெள்ளை."

"வெயில் பட்டா சரியாயிரும்."

அவள் யூனிபார்மில் இருந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "ஸ்டூடியோவுக்கு நீங்க வாங்க, அம்மா வேண்டாம்" என்றாள். நடந்தோம். அவள் உட்காருவாளா, எழுந்து ஓடுவாளா என்று எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் போஸ்டர், மாதிரிக்கு ஒட்டி வைத்திருந்தது. திரும்பி அதைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

"எய்யா, நீங்க... எறந்துட்டீயன்னுல்லா அந்தம்மா சொன்னாவ."

"ஒரு வருசமாச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

மதி சிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்க் உள்ளே இழுத்து மூச்சு முட்டியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை. "பாப்பா, சிரிக்கப்படாது, கவர்மெண்ட் போட்டோ, வாயை மூடு" என்று அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். வாயை மூடுவாள், என்னைப் பார்ப்பாள், மறுபடியும் சிரிப்பாள். நாலாவது தடவைதான் படம் விழுந்தது.

ஒன்று கவனித்தேன். அந்த உதடு சிரிக்கும்போது தொங்குவதில்லை. வலப்பக்கம் மேலேறி நேராகிவிடுகிறது. அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை, நானும் கண்ணாடி முன் சிரித்ததில்லை, அதனால் இது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. மீசை இல்லாத வாய் பழக்கமில்லாததால் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டேன்.

"கையை எடுங்கப்பா" என்றாள் மதி.

எடுத்தேன்.